வளைவுத் தடத்தின் கடைசி முடக்கு: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் ஸ்ரொக் கார் (வீதிக் கார்களின் தோற்றத்தில் அமைந்த ஓட்டக் கார்) ஓட்டங்களில் பெரும்பாலானவை இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் நீள்வட்டத் தடங்களில் நடப்பவை. வலமும் இடமுமாக முடக்குகள் உள்ள வளைவுத் தடங்களில் ஆண்டுக்குச் சில ஓட்டங்கள்தான். ஆனால் ‘மறக்க முடியாத ஓட்டம் எது?’ என்று சென்ற இதழில் கேட்டதற்கு வந்த கடிதங்களில் அதிகமானவை அந்தச் சிலவற்றைப் பற்றியே பேசுகின்றன. நினைவோடு சந்தேகத்தையும் சேர்த்து எழுதியவர்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

2012 ஓகஸ்ட், நியூயோர்க் மாநிலத்தின் வொட்கின்ஸ் கிளென் தடம். கடைசிச் சுற்றில் கைல் புஷ் முன்னுக்கு நின்றார். பிராட் கெசலோவ்ஸ்கி அவரை இடித்துச் சுழல வைத்தார். இடையில் புகுந்து மார்க்கோஸ் அம்புரோஸ் வென்றார். இடித்தவருக்குத் தண்டனை இல்லையா? இன்றைக்கும் மனம் ஆறவில்லை.
– வாசகர், சுன்னாகம்

இடிபட்டது உண்மை. ஆனால் அந்தச் சுற்றைத் தீர்மானித்தது ஒயில். பொபி லபோன்ரேயின் காரில் இருந்து சிந்திய ஒயில், எல்லாரும் ஓடும் கோட்டிலேயே பரவிக் கிடந்தது. காய்ந்த தடத்துக்கான ஓட்ட ரயரில் பள்ளக்கோடுகள் கிடையாது. வெறும் வழுவழுப்பான றப்பர். மெல்லிய ஒயில் படலம் போதும், முன் ரயர்கள் பிடியை விட்டுவிடும். ஸ்ரியரிங் திடீரென்று இலேசாகும். திருப்பினாலும் கார் நேரே போகும். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் நிலைமை இன்னும் மோசம்.

இப்படியான பாதையில் முதலாவதாக ஓடுபவருக்குத்தான் நட்டம். ஒயில் எங்கே கிடக்கிறது என்பதை அவர் வழுக்கித்தான் அறிய வேண்டும். பின்னால் வருபவர் அதைப் பார்த்துக் கோட்டை மாற்றிக்கொள்வார். புஷ் அகல விலகி, வேகம் இழந்து, மறுபடி கோட்டுக்கு வந்தபோது கெசலோவ்ஸ்கி முழு வேகத்தில் அங்கே வந்துவிட்டார். இருவரும் தொட்டார்கள், புஷ் சுழன்றார். அதன்பின் கெசலோவ்ஸ்கியும் அம்புரோஸும் வழுக்கியும் ஒருவரை ஒருவர் உரசியும் மிச்சப் பாதையைக் கடந்தார்கள். அம்புரோஸ் முதலிடம், கெசலோவ்ஸ்கி இரண்டாமிடம், ஜிம்மி ஜோன்சன் மூன்றாமிடம். புஷ் ஏழாவதாக முடித்தார்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தடத்தில் ஆபத்து என்று எல்லாரையும் மெதுவாக்கும் மஞ்சள் கொடி ஏன் வரவில்லை? கடைசிச் சுற்றுக்கான வெள்ளைக் கொடி விழுந்த பிறகு மஞ்சள் காட்டினால் ஓட்டம் அந்தக் கணத்திலேயே முடிந்துவிடும். அப்போதுள்ள வரிசையே முடிவு. புஷ் சுழல முன்னர் காட்டியிருந்தால் அவர்தான் வெற்றியாளர். நீள்வட்டத் தடத்தில் கோபுரத்தில் இருந்து பார்த்தால் முழுத் தடமும் தெரியும். கிட்டத்தட்ட 4 கிலோமீற்றர் நீளமான, மேடு பள்ளமான வளைவுத் தடத்தில் முடக்குகளில் நிற்கும் பணியாளர் சொன்னால்தான் தெரியும். மனம் ஆறாததற்கு நியாயம் உண்டு. ஆனால் அதைக் கெசலோவ்ஸ்கியின் தலையில் போடுவது சரியல்ல.

சொனோமாவில் 11ஆவது முடக்கிலேயே ஏன் எல்லாச் சண்டையும்? 1991இல் ரிக்கி ரட் முதலாவதாகக் கோட்டைக் கடந்தும் வெற்றி டேவி அலிசனுக்குப் போனது எப்படி?
– வாசகர், கோண்டாவில்

கலிபோர்னியாவில் உள்ள சொனோமா தடத்தின் 11ஆவது முடக்கு கொண்டையூசி போல முழுதாக மடங்கும் வலப்பக்கத் திருப்பம். அதிவேகமாக வந்து இரண்டாம் கியர் அளவுக்கு இறக்க வேண்டிய இடம். முடிவுக்கோட்டுக்கு முன்னால் முந்துவதற்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பும் அதுதான். முன்னால் போகிறவர் உட்பக்கத்தை மூடினால் வெளியே வரும்போது அவருடைய வேகம் குறையும். மூடாமல் விட்டால் பின்னால் வருபவர் உள்ளே மூக்கை நுழைப்பார். எதைத் தெரிவு செய்தாலும் ஒரு விலை உண்டு.

1991இல் கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்றின் முடிவில், அந்த முடக்கில் ரட் பின்னால் இடிக்க அலிசன் சுழன்றார். ரட் முன்னேறிக் கடைசிச் சுற்றையும் ஓடி முடித்தார். இடித்த முறை ஏற்கத்தக்கதல்ல என்று நாஸ்கார் அவருக்கு 5 செக்கன் தண்டம் விதித்தது. வெற்றி அலிசனுக்கு, இரண்டாமிடம் ரட்டுக்கு.

2016இல் அதே முடக்கில் வேறு கதை. டெனி ஹம்லின் கடைசிச் சுற்றின் 7ஆவது முடக்கில் ரொனி ஸ்ருவர்ட்டை முந்தினார். 11இல் பிரேக் பிடித்தபோது கார் சற்று அகல விலகியது. ஸ்ருவர்ட் உள்ளே நுழைந்து, வெளியேறும்போது ஹம்லினைச் சுவர்ப்பக்கம் நெருக்கி, வென்றார். ஸ்ருவர்ட்டின் கடைசி வெற்றி அது. அங்கே தண்டம் இல்லை. முந்தியவர் பிரேக் பிடிப்பில் பிழைவிட்டார், பின்னால் வந்தவர் திறந்த இடத்தை எடுத்தார். எங்கள் பார்வையில் இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

பழைய ஒளிப்பதிவுகளில் முடக்குக்குள் நுழையும் முன் காரின் பின்பக்கம் குதிரை போலத் துள்ளுகிறது. இப்போதைய கார்களில் அதைக் காணவில்லை. ஏன்?
– மோட்டார் திருத்துநர், நல்லூர்

தொழில் தெரிந்தவர் கேட்டதால் விரிவாகவே சொல்கிறோம். 2021 வரைக்கும் இந்தக் கார்களின் பின்பக்கத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டு அச்சுத்தான், உங்களிடம் வரும் பழைய பிக்கப்புகளில் உள்ள மாதிரி. நான்கு கியர், எச் வடிவ கியர் மாற்றி. கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்ந்து பின் சக்கரம் இலேசாகிறது. அதே நேரத்தில் எஞ்சின் சுழற்சியை ஏற்றாமல் கியரை இறக்கிக் கிளச்சை விட்டால், எஞ்சின் பின் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். ரயர் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். அந்த அதிர்வு ஸ்பிறிங்கோடு சேர்ந்து முழு அச்சையும் துள்ள வைக்கும். நீங்கள் கண்ட துள்ளல் இதுதான். ஒருமுறை தொடங்கினால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வரும்.

தவிர்க்க மூன்று வழிகள் இருந்தன. பின் பிரேக்கின் பங்கைக் குறைப்பது: ஓட்டுநருக்கு எட்டுகிற இடத்தில் அதற்கென்று ஒரு திருகி இருக்கும். கியர் இறக்குவதைத் தாமதிப்பது: வேகம் போதுமான அளவு விழுந்த பிறகே இரண்டாம் கியர். மூன்றாவது, குதியும் முன்பாதமும் சேர்ந்த கால்வேலை. வலப் பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க வேண்டும், இடக்காலால் கிளச், கியர் நடுநிலையைக் கடக்கும் கணத்தில் வலப் பாதத்தின் ஓரத்தால் அல்லது குதியால் அக்சிலேற்றரை ஒரு தட்டு, சுழற்சி ஏறியதும் கீழ்க் கியர், கிளச்சை விடுதல். தட்டும்போது பிரேக் அழுத்தம் மாறக்கூடாது. அநேகம் பேர் பிழைவிடுவது அங்கேதான். (பழக விரும்பும் இளைஞர்கள் கார் நிற்கும்போது, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கால் அசைவை மட்டும் பழகுங்கள். காங்கேசன்துறை வீதி அதற்குரிய இடமல்ல.)

2022இல் வந்த புதிய தலைமுறைக் காரில் பின் சக்கரங்கள் தனித்தனியாக இயங்குகின்றன. கியர் பெட்டி பின்னச்சோடு சேர்ந்து பின்னால் இருக்கிறது. ஐந்து கியர், வரிசையாக மாறுவது: தண்டைப் பின்னுக்கு இழுத்தால் ஏறும், முன்னுக்குத் தள்ளினால் இறங்கும். சக்கரம் 15 அங்குலத்தில் இருந்து 18 அங்குலத்துக்குப் பெருத்ததால் உள்ளே பெரிய பிரேக் தட்டு வைக்க இடம் கிடைத்தது. ஐந்து நட்டுக்குப் பதிலாக நடுவில் ஒரே நட்டு. துள்ளல் அநேகமாக ஒழிந்தது. ஆனால் எல்லாருடைய பிரேக்கும் நன்றாகிவிட்டதால் பிரேக் பிடிக்கும் தூரம் குறுகி, முந்துவதற்கான இடமும் குறுகிவிட்டது. பழைய கார் ஓட்டுநரைக் கூடுதலாகச் சோதித்தது என்பதே எங்கள் எண்ணம்.

முன்னணியில் ஓடிக்கொண்டிருப்பவர் ஏன் திடீரென்று பெற்றோல் அடிக்கப் போகிறார்? அவர் 25ஆம் இடத்துக்குப் போய், பிறகு எப்படியோ வெல்கிறார். கணக்கு விளங்கவில்லை.
– வாசகி, மானிப்பாய்

இந்தக் கணக்கு விளங்கினால் வளைவுத் தட ஓட்டத்தின் பாதி விளங்கிவிடும். நீள்வட்டத் தடம் சின்னதாக இருந்தால் ஒரு சுற்றுக்கு 15, 16 செக்கன்தான். பச்சைக் கொடியில், அதாவது எல்லாரும் முழு வேகத்தில் ஓடும்போது, பிற்றுக்குள் (பெற்றோல் அடித்து ரயர் மாற்றும் இடம்) போய்வந்தால் சுற்றுக் கணக்கில் பின்தங்கிவிடுவீர்கள். வொட்கின்ஸ் கிளெனில் ஒரு சுற்றுக்கு 70 செக்கனுக்கு மேல் பிடிக்கும். அங்கே போய்வந்தாலும் ஒரு சுற்றை இழப்பதில்லை. ஆகவே எப்போது நிற்பது என்பதைத் தாங்களே தெரிவு செய்யும் சுதந்திரம் அணிகளுக்கு உண்டு.

கணக்கை முடிவில் இருந்து பின்னுக்குப் போடுங்கள். ஒரு சுற்று 2.45 மைல், 2025இல் மொத்தம் 90 சுற்று. தாங்கியின் கொள்ளளவு 20 அமெரிக்கக் கலன், அதாவது 75 லீற்றரும் சொச்சமும். ஒரு கலனுக்கு 4.5 மைல் ஓடுகிறது என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். நிறைந்த தாங்கியில் 90 மைல், அதாவது 36 முழுச் சுற்று. 90இல் 36 போக 54. ஆக, 54ஆம் சுற்றிலோ அதன் பிறகோ நிரப்பியவர் முடிவுவரை போகலாம்.

ஒருவர் துணிந்து 52இலேயே நிரப்புகிறார் என்று வையுங்கள். அவர் 38 சுற்று, அதாவது 93.1 மைல் ஓட வேண்டும். தேவை 20.7 கலன். குறைவது 0.7 கலன், ஏறக்குறைய 2.6 லீற்றர். 38 சுற்றில் பங்கிட்டால் சுற்றுக்கு 70 மில்லிலீற்றர், அரைக் கோப்பைத் தேநீர் அளவு. அதை எப்படி மிச்சம் பிடிப்பது? முதலாம் முடக்குக்கு முன்னும் நீண்ட நேர்ப்பாதையின் முடிவிலும் வழக்கமாகக் கால் எடுக்கும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே எடுத்து, காரை உருள விட்டு, பிறகு பிரேக் பிடிப்பது. மஞ்சள் கொடி வந்து மெதுவாகப் போனால் மிச்சம் இன்னும் கூடும். பிழை நேர்வது எங்கேயென்றால், தாங்கியில் கடைசித் துளிகள் எஞ்சினுக்கு ஏறாது. முடக்குகளில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது குழாய் காற்றை இழுக்கும். கடைசி முடக்குகளில் கார்கள் திக்கித் திணறுவது அதனால்தான்.

இன்னொரு காரணம் கட்டங்கள். 2017 முதல் ஒவ்வொரு ஓட்டமும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கட்டத்தின் முடிவில் முதல் பத்துப் பேருக்கு 10இல் இருந்து 1 வரை புள்ளி, அதன்பின் மஞ்சள் கொடி. வெற்றியைக் குறிவைப்பவர் கட்டம் முடியச் சில சுற்றுக்கு முன்பே பிற்றுக்குள் போவார், கட்டப் புள்ளியை விட்டுக்கொடுப்பார். மஞ்சளில் மற்றவர்கள் நிற்கப் போகும்போது இவர் தடத்திலேயே நின்று முன்னுக்கு வந்துவிடுவார். புள்ளி வேண்டுமா, இடம் வேண்டுமா என்ற தெரிவு அது. 2023இல் வளைவுத் தடங்களில் கட்ட முடிவு மஞ்சளை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டங்கள் உப்புச்சப்பில்லாமல் நீண்டன. 2024இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பிற்றில் இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு ரயரும் மாறி முடிந்த பின்பும் பெற்றோல் கலத்தோடு ஒருவர் நிற்பார். புதிய காரில் நேரத்தைத் தின்பது பெற்றோல்தான்.

2010இல் அம்புரோஸ் வென்றுகொண்டிருந்த ஓட்டத்தில், மஞ்சள் கொடியின்கீழ் கார் தானாக நின்றதே?
– வாசகர், வட்டுக்கோட்டை

தானாக நிற்கவில்லை. அது சொனோமா ஓட்டம். பெற்றோலை மிச்சம் பிடிக்க அவரே எஞ்சினை நிறுத்தினார். மேட்டில் ஏறும்போது திரும்ப உயிர் கொடுக்க முயன்றார், பிடிக்கவில்லை, கார் நின்றது. மஞ்சளில் வேகத்தைத் தக்கவைக்காதவர் தம் இடத்தைக் கேட்க முடியாது என்பது விதி. ஜிம்மி ஜோன்சன் வென்றார். நிறுத்துவதானால் இறக்கத்தில் நிறுத்த வேண்டும், ஏற்றத்தில் அல்ல. 2011இலும் 2012இலும் வொட்கின்ஸ் கிளெனில் வென்று அம்புரோஸ் அந்தக் கடனைத் தீர்த்தார்.

வொட்கின்ஸ் கிளெனின் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பஸ் தரிப்பிடம் போல ஒரு நெளிவு இருக்கிறது. நல்ல வேகத்தைக் கெடுக்கிறதே?
– வாசகர், பருத்தித்துறை

கெடுப்பதற்காகவே கட்டியது. 1991 ஜூனில், விளையாட்டுக் கார் ஓட்டமொன்றில் ரொமி கெண்டல் அந்த நேர்ப்பாதையின் முடிவில் மோதி இரு கால்களும் நொறுங்கினார். அதே ஆண்டு ஓகஸ்ட் 11 நாஸ்கார் ஓட்டத்தில், அதே இடத்தில், ஜே. டி. மக்டஃபி உயிரிழந்தார். இரண்டு கார்களும் பிரேக் பிடித்து வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் கட்டுப்பாடு இழந்து நேரே போய்த் தடுப்பில் மோதியவை. 1992இல் நெளிவு வந்தது. கார் பழுதானாலும் அந்த வேகத்தோடு முடக்குக்குப் போய்ச் சேராது. 2024 ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் கிறிஸ் பியூஷர், ஷேன் வன் கிஸ்பேர்கனை வென்றதும் இதே நெளிவில் கிடைத்த வாய்ப்பால்தான். ஆகவே பார்வையாளருக்கும் அது நட்டமில்லை.

2023 சிக்காகோ தெரு ஓட்டம். மழை. முன்பின் அறியாத நியூசிலாந்துக்காரர் முதல் ஓட்டத்திலேயே வென்றார். அதிர்ஷ்டம் என்றுதான் நான் சொல்வேன்.
– வாசகர், சாவகச்சேரி

மறுக்கிறோம். வன் கிஸ்பேர்கன் அவுஸ்திரேலிய சூப்பர்கார்ஸ் தொடரில் மூன்றுமுறை சம்பியன்: 2016, 2021, 2022. அந்தக் கார்களிலும் வரிசைக் கியர், பின்னால் கியர் பெட்டி, ஒற்றை நட்டுச் சக்கரம். நாஸ்காரின் புதிய கார் அவருக்குப் பழகிய கருவிக்கு மிகக் கிட்ட. அங்கே வலப்பக்கம் இருந்து ஓட்டியவர், இங்கே இடப்பக்கம் இருந்தார். அதுதான் பெரிய மாற்றம். நாங்களும் வலப்பக்கம் இருந்து ஓட்டுபவர்கள்தான், இடப்பக்க ஸ்ரியரிங்கில் காரின் மற்ற ஓரத்தைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். இருபுறமும் கொங்கிறீற் சுவர் உள்ள தெருவில் அதைச் செய்தார்.

கால்வேலையிலும் வேறுபாடு உண்டு. இன்றைய நாஸ்கார் ஓட்டுநர் பெரும்பாலும் இடக்காலால் பிரேக் பிடிப்பார். இவர் வலக்காலால் பிடித்து, கிளச் மிதித்து, எஞ்சினைத் தட்டி இறக்குகிறார். மேலே நல்லூர்க்காரருக்குச் சொன்ன அதே முறை. ஈரத்தில் பின் சக்கரம் உதறாமல் இறங்க அது உதவும்.

மழைக்குப் பள்ளக்கோடு வெட்டிய ரயர் உண்டு. பாதை காயத் தொடங்கியதும் அது சூடேறிக் கரையும். மெதுவாகிறதே என்று வழுவழு ரயருக்கு முந்தி மாறினால் வழுக்கும், பிந்தினால் இடம் போகும். அந்தத் தீர்மானத்தில்தான் அன்றைக்கு அநேகர் தடுமாறினார்கள். முதல் ஓட்டத்திலேயே வென்றவர் அவருக்கு முன் 1963இல் ஜொனி ரதர்ஃபோர்ட். அதிர்ஷ்டம் என்றால் ஒருமுறை. 2025இல் மட்டும் மெக்சிக்கோ சிற்றி, சிக்காகோ, சொனோமா, வொட்கின்ஸ் கிளென், சார்லற் என ஐந்து வளைவுத் தடங்களில் வென்றிருக்கிறார்.

ரொறன்ரோவில் உள்ள சித்தப்பா வீட்டுக்குப் போக இருக்கிறேன். வொட்கின்ஸ் கிளென் கிட்டவாமே. எங்கே இருந்து பார்ப்பது?
– வாசகர், கொடிகாமம்

காரில் நாலு மணித்தியாலத்துக்கு மேல், எல்லையில் நிற்கும் நேரம் தனி. நயாகராப் பக்கத்தால் கடந்து பவலோ வழியாகப் போவார்கள். முதலில் கடவுச்சீட்டைப் பாருங்கள்: கனடா விசா அமெரிக்காவுக்குச் செல்லாது. கனடியக் குடியுரிமை உள்ள சித்தப்பாவுக்குத் தேவையில்லாத அமெரிக்க விசா இலங்கைக் கடவுச்சீட்டில் போகும் உங்களுக்குத் தேவை. கொழும்பிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். ஓட்டத் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2024இல் செப்டெம்பர், 2025இல் ஓகஸ்ட். திகதியை உறுதிப்படுத்திய பிறகே விமானச் சீட்டு எடுங்கள்.

வளைவுத் தடத்தில் எங்கே இருந்தாலும் முழுதாகத் தெரியாது. முதல்முறை போகிறவருக்கு முதலாம் முடக்கைப் பார்த்த இருக்கைகளே நல்லது. புறப்பாடு, பிற் பாதை, இறக்கத்தில் வந்து பிரேக் பிடித்து வலப்பக்கம் 90 பாகை திரும்பும் கூட்டம் எல்லாம் தெரியும். மறுதொடக்கத்தில் நான்கு ஐந்து கார்கள் அகல விரிந்து வருவது அங்கேதான். ஓட்டம் தெரிந்தவர் என்றால் நெளிவுப் பக்கம் போங்கள். யார் எவ்வளவு தாமதித்துப் பிரேக் பிடிக்கிறார், யார் தட ஓரத்து மேடைக்கல்லில் ஏறுகிறார் என்று கிட்ட நின்று பார்க்கலாம். முன்னைய நாள் பயிற்சிக்கும் போனால் நடந்து திரிந்து இடம் பார்த்துக்கொள்ளலாம். காதடைப்பான் கட்டாயம், பிள்ளைகளுக்குக் காதை மூடும் கவசம். மழை அங்கி, தொப்பி, நடக்கச் சப்பாத்து. அணிகளின் வானொலிப் பேச்சைக் கேட்கும் கருவியை வாடகைக்கு எடுத்தால் பெற்றோல் கணக்கை அவர்கள் வாயாலேயே கேட்கலாம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து நேரலையில் பார்க்க நேரக் கணக்கு?
– மாணவி, நெல்லியடி

கோடையில் நியூயோர்க் நேரத்தோடு ஒன்பதரை மணித்தியாலம் கூட்டுங்கள்: அங்கே ஞாயிறு பிற்பகல் 3 மணி என்றால் எமக்குத் திங்கள் அதிகாலை 12.30. ஒஸ்ரின், சிக்காகோவுக்குப் பத்தரை. சொனோமாவுக்குப் பன்னிரண்டரை. மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு முன்பும் நவம்பர் முதல் ஞாயிறில் இருந்தும் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு மணித்தியாலம் கூடும். அறிவிக்கும் நேரம் ஒளிபரப்புத் தொடங்கும் நேரமா, பச்சைக் கொடி நேரமா என்று பாருங்கள். இடையில் கொஞ்ச நேரம் பேச்சு ஓடும்.

ஸ்ரொக் கார் ஓட்டத்தில் ஜகுவார் கார் ஓடி வென்றது என்று ஒருவர் சொன்னார். நம்பலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உடுவில்

நம்பலாம், ஐயா. 1954 ஜூன் 13, நியூ ஜேர்சியின் லிண்டன் விமானத்தளம். நாஸ்காரின் முதல்தர ஓட்டம் வளைவுத் தடமொன்றில் நடந்தது அதுவே முதல்முறை. ஓடுபாதைகளைச் சேர்த்து அமைத்த 2 மைல் தடம், 50 சுற்று. வெளிநாட்டுக் கார்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அல் கெலர் ஜகுவார் எக்ஸ்கே120இல் வென்றார். நாஸ்காரின் முதல்தரப் போட்டியில் இன்னொரு வெளிநாட்டுத் தயாரிப்பு வெல்ல 2008இல், அற்லாண்டாவில், ரொயோட்டா வர வேண்டியிருந்தது. அன்றைக்கு அதை ஓட்டியவர் கைல் புஷ்.